பான்டோபிரசோலிலிருந்து எசோமெபிரசோலுக்கு மாறினால் ராத்திரி எதுக்களிப்பு நிற்குமா?

மாலைக்கிளி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாதி விவரத்தை விட்டுவிட்டுக் கேட்டால் பதிலும் பாதியாகத்தான் வரும்.

வயது 43. நான்கு மாதமாக நெஞ்செரிச்சல். முதலில் வாரத்தில் ஒரு நாள் என்று இருந்தது, அப்புறம் தினமும் ஆகிவிட்டது. எண்டோஸ்கோப்பி செய்து பார்த்ததில் உணவுக்குழாயின் அடிப்பக்கத்தில் புண் இருக்கிறது, லாஸ் ஏஞ்சலிஸ் அளவுகோலில் (லேசான ஏ முதல் கடுமையான டி வரை) பி கிரேடு என்று ரிப்போர்ட்டில் போட்டிருந்தது. ஹெச். பைலோரி கிருமி இல்லை. மருத்துவர் அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் மாத்திரை 40 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, எட்டு வாரம் என்று எழுதிக் கொடுத்தார். இப்போது ஐந்தாவது வாரம் முடிகிறது.

பகலில் நன்றாகவே இருக்கிறேன். முன்பெல்லாம் செருப்பு மாட்டக் குனிந்தாலே மார்புக்கு நடுவில் தீ ஏறுவது போல இருக்கும், அது போய்விட்டது. ராத்திரிதான் தாங்க முடியவில்லை. ஒன்றரை இரண்டு மணி வாக்கில் திடீரென்று முழிப்பு வரும், வாய் நிறையப் புளிப்புத் தண்ணீர், தொண்டை எரியும், இருமல் பிடித்தால் பத்து நிமிடத்துக்கு நிற்காது. எழுந்து உட்கார்ந்து, இரண்டு தலையணையைச் சுவரில் சாய்த்து வைத்து, அப்படியே விடியும்வரை இருந்திருக்கிறேன். வாரத்தில் நான்கைந்து ராத்திரி இப்படித்தான் போகிறது. காலையில் போனில் பேசினால் எதிரில் இருப்பவர் "சளியா?" என்று கேட்கிறார், அந்த அளவுக்குக் குரல் கரகரக்கிறது.

போன வாரம் மருத்துவரிடம் இதைச் சொன்னேன். வேண்டுமானால் எசோமெபிரசோல் 40க்கு மாறிப் பார்க்கலாம், இல்லையென்றால் இதையே எட்டு வாரமும் முடிக்கலாம், இரண்டும் தப்பில்லை என்று சொல்லிப் புது மருந்துச் சீட்டையும் கையில் கொடுத்துவிட்டார். வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள், நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் எல்லாம் வரிசையாக வருகின்றன.

எசோமெபிரசோல் உண்மையிலேயே பலமான மருந்தா? இரண்டும் ஒரே வகை என்றால் மாறுவதில் என்ன லாபம்? பக்கவிளைவில் வித்தியாசம் உண்டா? இரண்டையும் போட்டுப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், தூக்கம் கெட்டுக் கெட்டு மண்டை வேலை செய்ய மாட்டேன் என்கிறது.


தென்றல்77:

உங்கள் நிலைமை அப்படியே என்னுடையதுதான், படிக்கும்போதே அந்தப் புளிப்பு ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு ஒன்பது வாரம் பான்டோபிரசோல், அதற்குப் பிறகு எசோமெபிரசோல். மாறிய நான்காவது நாளே வித்தியாசம் தெரிந்தது, பத்து நாளில் சாதாரணமாகப் படுத்துத் தூங்க ஆரம்பித்தேன். முதல் வாரம் லேசான தலைவலி இருந்தது, தானாகப் போய்விட்டது. யோசிக்காமல் மாறிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அதே வாரத்தில்தான் ஒரு செவிலியர் "மாத்திரையைச் சாப்பிட்ட பிறகா போடுகிறீர்கள்?" என்று கேட்டு, எழுந்ததும் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் கழித்துச் சாப்பிடச் சொன்னார். ஆக, மருந்தும் மாறியது, நேரமும் மாறியது. எது கேட்டது என்று கேட்டால் மருந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது, வீட்டில் இருப்பவர்கள் நேரம்தான் என்கிறார்கள்.


மருந்துமேசை:

பதினெட்டு வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். தென்றல் சொன்ன இரண்டாவது பத்திதான் இந்தக் கேள்வியின் உயிர், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்த மருந்துகள் வயிற்றில் ஏற்கனவே இருக்கும் அமிலத்தை எதுவும் செய்வதில்லை. இரைப்பைச் சுவரில் இருக்கும் பரைட்டல் செல்களில் புரோட்டான் பம்ப் என்று ஒரு புரதம் இருக்கிறது, அமிலத்தை வெளியே தள்ளுவது அதுதான். பான்டோபிரசோல், எசோமெபிரசோல் இரண்டும் அந்தப் பம்பைப் பூட்டுகின்றன. பூட்டு விழுந்த பம்ப் திரும்ப ஓடாது, உடம்பு புதுப் பம்ப் செய்துகொள்ள வேண்டியதுதான். அதனால்தான் மருந்து ரத்தத்தில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதி பாதியாகக் கரைந்து போனாலும், நாளுக்கு ஒரு மாத்திரை போதுமானதாக இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் மட்டுமே பூட்டு விழும். பரைட்டல் செல்லுக்குள் அமிலம் சுரக்கிற அந்தச் சின்ன வாய்க்காலில் போய்ச் சேர்ந்த பிறகுதான் மருந்து தன் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுகிறது. தூங்குகிற பம்புக்குப் பக்கத்தில் மருந்து வந்து நின்றாலும் ஒன்றும் நடக்காது. பம்புகளை எழுப்புவது சாப்பாடு. அப்படியென்றால், சாப்பாடு உள்ளே இறங்கி பம்புகள் ஓட ஆரம்பிக்கும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் நிறைந்து இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போடு என்று சொல்வது இதற்காகத்தான். சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால், மருந்து வந்து சேரும்போது பம்புகளில் பாதி திரும்பத் தூங்கப் போயிருக்கும்.

அந்த மாத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தால் வழவழவென்று ஒரு மேல்பூச்சு தெரியும். மருந்து அமிலத்தில் பட்டால் கெட்டுப்போகும், அதனால் இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குப் போன பிறகே கரையும்படி அந்தப் பூச்சு. மாத்திரையை உடைத்து, பொடித்து, கடித்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள், அப்படிச் செய்தால் மருந்தில் பெரும்பகுதி வயிற்றிலேயே வீணாகிவிடும். வயிறு நிறைந்திருந்தால் மாத்திரை அங்கேயே தங்கிவிடும். பான்டோபிரசோல் விஷயத்தில் சாப்பாடு மருந்தின் மொத்த அளவைக் குறைப்பதில்லை, ஆனால் இரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் தாமதப்படுத்தும். எசோமெபிரசோலில் இன்னும் மோசம், சாப்பிட்ட பிறகு போட்டால் உடம்பில் சேரும் மருந்தே கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அதாவது நேரத்தைச் சரி செய்யாமல் எசோமெபிரசோலுக்கு மாறினால் இன்னும் நஷ்டம்தான்.

சரி, எது பலம்? இந்த வகையில் முதலில் வந்தது ஒமெபிரசோல், 1988இல். அதன் மூலக்கூறு வலது கை இடது கை மாதிரி இரண்டு வடிவம் சேர்ந்த கலவை. அதில் ஒரு வடிவத்தைக் கல்லீரல் மெதுவாகத்தான் சிதைக்கிறது, அதை மட்டும் பிரித்து எடுத்து 2000இல் எசோமெபிரசோல் என்று கொண்டுவந்தார்கள். பான்டோபிரசோல் 1994இல் ஜெர்மனியில் வந்தது. மில்லிகிராமுக்கு மில்லிகிராம் பார்த்தால் எசோமெபிரசோல்தான் அமிலத்தை அதிகம் அடக்குகிறது, இதில் சந்தேகமே வேண்டாம். 2003இல் வெளியான ஒரு ஆய்வில் 34 பேருக்கு இந்த வகையைச் சேர்ந்த ஐந்து மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்து, இரைப்பையின் பிஹெச் அளவு (இது ஏறினால் அமிலம் குறைவு என்று அர்த்தம்) ஒரு நாளில் எத்தனை மணி நேரம் 4க்கு மேல் இருக்கிறது என்று அளந்தார்கள். எசோமெபிரசோல் 40க்கு 14 மணி நேரம், பான்டோபிரசோல் 40க்கு சுமார் 10 மணி நேரம்.

நான்கு மணி நேர வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது இல்லையா? புண் ஆறுவதில் அது அவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை. 2005இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். நான்கு வாரத்தில் எசோமெபிரசோல் போட்டவர்களில் 100க்கு 81 பேருக்குப் புண் ஆறியிருந்தது, பான்டோபிரசோலில் 75 பேருக்கு. எட்டு வாரத்தில் 96, 92. எசோமெபிரசோல் கொஞ்சம் முந்துகிறது, ஆனால் எட்டு வாரத்துக்கு வரும்போது 100க்கு நான்கு பேர் வித்தியாசம்தான். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது எசோமெபிரசோலைக் கொண்டுவந்த நிறுவனம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புண் சி, டி கிரேடாக இருந்தால் இந்த வித்தியாசம் அதிகமாகும், ஏ, பி கிரேடில் குறையும். உங்களுக்கு பி.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்? ராத்திரி அந்த இரண்டு மணியை அதற்குப் பிறகு பார்க்கலாம்.


மாலைக்கிளி:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. படித்து முடித்ததும் எழுந்து போய் மாத்திரை டப்பாவைத்தான் பார்த்தேன்.

எனக்குத் தைராய்டு உண்டு, ஏழு வருடமாக லெவோதைராக்சின். அதைக் காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் போட வேண்டும், அதோடு வேறு எதையும் சேர்க்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் பான்டோபிரசோலை நானாகவே தள்ளி வைத்தேன். எட்டரைக்குச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு, சத்து மாத்திரையோடு சேர்த்து அதையும் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை எழுவது தாமதம், சாப்பாடும் தாமதம், அன்றைக்கு இரண்டு மூன்று தடவை மறந்தும் போயிருக்கிறேன். இப்படிப் போடுகிறேன் என்று மருத்துவரிடம் நான் சொல்லவே இல்லை, அவரும் கேட்கவில்லை.

வேலை முடிந்து வீடு வர ஒன்பதரை ஆகிவிடும். ராத்திரிச் சாப்பாடு பத்து மணிக்கு, படுப்பது பத்தே முக்கால். இதை எழுதும்போதே எனக்குப் புரிகிறது.

நேரத்தை மாற்றினால் தைராய்டு மாத்திரையோடு மோதுமே, அதற்கு என்ன செய்வது?


நீலவானம்:

நடுவில் புகுந்து ஒரு விஷயம், வேறு யாராவது தேடிப் படிக்கும்போது உதவும் என்பதால் எழுதுகிறேன். உங்களுக்கு இது பொருந்தாமல் இருக்கலாம்.

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்கக் குளோபிடோக்ரெல் என்ற மாத்திரை எடுக்கிறார். போன வருடம் நெஞ்செரிச்சல் என்று வேறொரு மருத்துவரிடம் போனோம், எசோமெபிரசோல் எழுதிக் கொடுத்தார். அப்பா எடுத்துப் போன காகிதத்தில் இதய மருந்துகளின் பட்டியல் இல்லை, அவரும் சொல்லவில்லை. மருந்துக் கடையில் நின்றபோது அங்கிருந்த பெண்தான் சீட்டைப் பார்த்துவிட்டு "ஐயா, வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள்?" என்று கேட்டார். குளோபிடோக்ரெல் என்றதும் கொடுக்கவில்லை, அங்கேயே மருத்துவரைப் போனில் கூப்பிட்டார்.

விஷயம் இதுதான்: குளோபிடோக்ரெல் உடம்புக்குள் போய், சிஒய்பி2சி19 என்ற கல்லீரல் நொதியால் மாற்றப்பட்ட பிறகே வேலை செய்யும். ஒமெபிரசோலும் எசோமெபிரசோலும் அந்த நொதியைத் தடுக்கின்றன, அதனால் ரத்தம் உறையாமல் காக்கிற வேலை குறைந்துபோகும். இவை இரண்டையும் குளோபிடோக்ரெலோடு சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்திருக்கிறது. பான்டோபிரசோலில் அந்தத் தடை மிகக் குறைவு. அப்பாவுக்கு அதையே மாற்றிக் கொடுத்தார்கள். எது பலம் என்று பார்ப்பதற்கு முன்னால் கூட இருக்கிற மாத்திரை என்ன என்று பாருங்கள். அன்றைக்கு அந்தப் பெண் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனது பதறுகிறது.


மருந்துமேசை:

நீலவானம், அந்தக் கடையில் இருந்தவர் செய்தது எங்கள் வேலையிலேயே முக்கியமான வேலை. சொன்ன விவரமும் சரி.

மாலைக்கிளி, தைராய்டு மாத்திரையைப் பற்றி இரண்டு தனித்தனி விஷயம் இருக்கிறது, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். கால்சியம், இரும்புச் சத்து, அமிலத்தை முறிக்கும் திரவம் இவை லெவோதைராக்சினைப் பிடித்துக்கொண்டு உள்ளே சேர விடாது, அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி விட்டால் போதும். உங்கள் சத்து மாத்திரையில் அவை இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள், ஆறு மணிக்கும் எட்டரைக்கும் இடையில் இரண்டரை மணி நேரம்தான். பான்டோபிரசோல் அப்படி இல்லை. அது நாள் முழுக்க வயிற்றின் அமிலத்தைக் குறைக்கிறது, லெவோதைராக்சின் நன்றாகக் கரைய அமிலம் வேண்டும். இதில் எத்தனை மணி நேரம் இடைவெளி விட்டாலும் தப்ப முடியாது, எசோமெபிரசோலுக்கு மாறினாலும் அதே கதைதான். தொடங்கி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள், அளவு ஏறியிருந்தால் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள்.

இடைவெளி காப்பாற்றாது என்றால், பான்டோபிரசோலைக் காலையில்தான் போட வேண்டும் என்ற கட்டாயமும் உங்களுக்கு இல்லை. உங்கள் தொல்லை முழுக்க ராத்திரி. நாளுக்கு ஒரு மாத்திரையைக் காலைக்குப் பதில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் போட்டால் ராத்திரி அமிலம் இன்னும் நன்றாக அடங்கும். மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள், பெரும்பாலும் சரி என்றே சொல்வார். மாற்றிய மறுநாளே எதிர்பார்க்க வேண்டாம். ஒரு வேளை மருந்தில் எல்லாப் பம்பும் பூட்டப்படுவதில்லை, முழுப் பலன் தெரிய மூன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். நடுவில் ஒரு நாள் விட்டால் கட்டியது கொஞ்சம் சரியும், அதனால் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை மாத்திரைக்குக் கிடையாது.

அந்த பத்து மணிச் சாப்பாடு, பத்தே முக்கால் படுக்கை, இதை எந்த மருந்தாலும் முழுக்கச் சமாளிக்க முடியாது. இந்த மருந்துகள் எதுக்களிப்பை நிறுத்துவதில்லை, மேலே வருவதில் இருக்கும் அமிலத்தைத்தான் குறைக்கின்றன. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் அந்த வளையத் தசை தளர்ந்திருந்தால், நிறைந்த வயிறோடு படுக்கும்போது உள்ளே இருப்பது மேலே வரத்தான் செய்யும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் அடியிலும் 15, 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்து மட்டும்தான் மடங்கும், வயிறு இன்னும் அழுந்தும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், அப்படிப் படுக்கும்போது இரைப்பையின் பெரும்பகுதி உணவுக்குழாய் சேரும் இடத்துக்குக் கீழே இருக்கும். வலது பக்கம் படுத்தால் நேர் எதிர்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் மூன்று வாரத்தில் அசையவில்லை என்றால் அப்போது எசோமெபிரசோல் எடுங்கள், அந்தச் சீட்டுக்கு அப்போதுதான் அர்த்தம். ஒன்று மட்டும்: விழுங்கும்போது சாப்பாடு அடைத்து நிற்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார் போலக் கறுப்பாக மலம், இவற்றில் எது வந்தாலும் மாத்திரை எது என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், மூச்சு வாங்கினால், வேர்த்துக் கொட்டினால் அதை நெஞ்செரிச்சல் என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்திருக்கவே கூடாது.


ஓடைக்கரை:

எல்லோரும் எதைத் தொடங்குவது என்று பேசுகிறீர்கள், நான் நிறுத்துவதைப் பற்றிச் சொல்கிறேன். ஆறு வருடம் எசோமெபிரசோல் 40 போட்டேன். யாரும் நிறுத்து என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, சீட்டு தீர்ந்தால் அதையே திரும்ப எழுதி வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தேன். புண் எப்போதோ ஆறிவிட்டது.

ஒரு நாள் நானாக முடிவெடுத்துத் திடீரென்று நிறுத்தினேன். மூன்றாவது நாள் ஆரம்பித்தது பாருங்கள், நோய் வந்த காலத்தில்கூட அப்படி எரிந்ததில்லை. தண்ணீர் குடித்தாலும் எரிச்சல். சரி, எனக்கு இந்த மாத்திரை இல்லாமல் வாழவே முடியாது போலிருக்கிறது என்று அழாத குறையாக ஆறாவது நாள் திரும்பத் தொடங்கிவிட்டேன். பிறகுதான் வேறொரு மருத்துவர் விளக்கினார். அமிலத்தை நீண்ட நாள் அடக்கி வைத்தால் உடம்பு, அமிலத்தைச் சுரக்கத் தூண்டும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டிக்கொண்டே போகும். மாத்திரையை நிறுத்தியதும் அந்தத் தூண்டுதல் முழுக்கச் சேர்ந்து சில வாரத்துக்கு அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். 2009இல் டென்மார்க்கில் நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு எட்டு வாரம் எசோமெபிரசோல், பிறகு நான்கு வாரம் வெற்று மாத்திரை; மீதிப் பேருக்கு 12 வாரமும் வெற்று மாத்திரை. மருந்தை நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொல்லை வந்தது, மற்றவர்களில் 15 சதவீதம் பேருக்கு. ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கே இப்படி. அந்த எரிச்சலை நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துத்தான் நான் ஆறு வருடத்தை இன்னும் நீட்டிக்கொண்டேன்.

இரண்டாவது தடவை மருத்துவர் சொன்னபடி 40இலிருந்து 20, நான்கு வாரம் கழித்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், எரிந்த நாட்களில் மட்டும் ஃபமோடிடின் என்ற வேறு வகை அமில மாத்திரை. மூன்று மாதம் ஆனது. இப்போது மாத்திரை இல்லாமல் ஒன்றரை வருடம்.

பக்கவிளைவு என்று பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. பான்டோபிரசோலை வைத்து 17,000க்கும் அதிகமானோரிடம் மூன்று வருடம் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டபோது குடல் தொற்று மட்டும்தான் அதிகம், அதுவும் 1.0 சதவீதத்துக்கு 1.4. ஆனால் எனக்கு நான்காவது வருடம் ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது, ரத்தப் பரிசோதனையில் மக்னீசியம் குறைவு. ஒரு வருடத்துக்கு மேல் போடுபவர்களுக்கு இது வரலாம் என்று எஃப்டிஏ 2011இலேயே எச்சரித்திருக்கிறது, பி12 குறைவதும் உண்டு. இதில் பான்டோபிரசோல், எசோமெபிரசோல் என்ற பாகுபாடு இல்லை, முழு வகைக்கும் பொருந்தும். அதனால் மாலைக்கிளி, எட்டு வாரம் முடிகிற அன்றைக்கு "அடுத்து என்ன, எப்படிக் குறைப்பது?" என்று நீங்களே வாய் விட்டுக் கேளுங்கள்.


மருந்துமேசை:

ஓடைக்கரை சொன்னதில் ஒரு வரி சேர்க்கிறேன். புண் சி, டி கிரேடு உள்ளவர்கள், பாரெட் உணவுக்குழாய் (அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உள்சவ்வு மாறிப்போன நிலை) என்று சொல்லப்பட்டவர்கள், வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்து வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ தொடர்ந்து எடுப்பவர்கள், இவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தக் கூடாது. அவர்களுக்கு இந்த மருந்து ஆபத்தைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.


மாலைக்கிளி:

மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன். கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள்மேல் எனக்கே கோபம் வரும்.

மருத்துவரைக் கூப்பிட்டு முழுக்கச் சொன்னேன், சாப்பிட்ட பிறகு போட்டது, ஞாயிற்றுக்கிழமை விட்டது, எல்லாமே. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், "இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்" என்றார். பான்டோபிரசோலையே வைத்துக்கொண்டு மாலைக்கு மாற்றச் சொன்னார். இப்போது வேலை செய்யும் இடத்திலேயே ஆறே முக்காலுக்கு மாத்திரை, ஏழரைக்கு அங்கேயே ராத்திரிச் சாப்பாடு. வீட்டுக்கு வந்து எதுவும் சாப்பிடுவதில்லை. முதல் வாரம் இது ரொம்பக் கஷ்டமாக இருந்தது, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பேன். கட்டிலுக்குக் கட்டையும் வைத்தாயிற்று.

முதல் நான்கு ராத்திரி எந்த மாற்றமும் இல்லை, நான்காவது நாள் அந்த எசோமெபிரசோல் சீட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறாவது ராத்திரி கண் விழித்தபோது வெளியே வெளிச்சம். நேரத்தை நம்பாமல் போனை எடுத்துப் பார்த்தேன், ஆறு மணிக்கு ஐந்து நிமிடம். அதற்குப் பிறகு இந்த இரண்டு வாரத்தில் இரண்டே தடவை முழிப்பு வந்தது. இரண்டு நாளும் ஒரு விசேஷத்தால் தாமதமாகச் சாப்பிட்ட நாட்கள், மாத்திரை ஒழுங்காகப் போட்டிருந்தும் வந்தது.

சத்து மாத்திரையில் இரும்பும் கால்சியமும் இருந்தன, அதை மதியத்துக்கு மாற்றிவிட்டேன். டிஎஸ்எச் கொஞ்சம் ஏறியிருக்கிறது, லெவோதைராக்சினை 75இலிருந்து 88க்குக் கூட்டியிருக்கிறார்கள், ஆறு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.


தென்றல்77:

படித்ததும் மனது நிறைந்துவிட்டது. வீட்டில் காட்டினேன், "நான் சொன்னேனா இல்லையா" என்கிறார்கள். எனக்கு எசோமெபிரசோல் 20க்கு இறங்கிப் பார்க்கலாமா என்று அடுத்த தடவை கேட்கப் போகிறேன், ஓடைக்கரை எழுதியதைப் படிக்கும்வரை அதைக் கேட்கத் தோன்றவே இல்லை. உங்கள் எட்டு வாரம் எப்போது முடிகிறது?


மாலைக்கிளி:

வியாழக்கிழமை. கேட்க வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதிவிட்டேன்: 20க்கு இறங்குவதா, எத்தனை வாரம், எரிந்தால் என்ன போடுவது, லெவோதைராக்சினை அப்போது திரும்பக் குறைக்க வேண்டி வருமா. வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் இந்தத் தடவை நான்கையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.